அம்பயர் அணுகுண்டு

என் கணவர் இன்பராஜ் ஏழு நாடுகளின் கிரிக்கெட் மைதானங்களில் அம்பயராக நின்று, அவுட் என்று விரலைத் தூக்கியவர். வீட்டில் அதற்கு அவசியம் வந்ததில்லை, பார்வையே போதும். விருதுநகரில் எனக்குத் தலைமை ஆசிரியை வேலை கிடைத்தபோது "வேண்டாம், எவா" என்றார். ஏன் என்று கேட்டேன். முடிவு சொன்ன பிறகு விளக்கம் சொல்வது அவர் தொழிலில் கிடையாது. நான் போகவில்லை. பதினோரு வருடமாக, "தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிடக் காத்திருந்தேன். அதற்காக ஜெபம் செய்ய மட்டும் கூச்சமாக இருந்தது.

2004 சித்திரையில், தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் கனகசபாபதி வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் பட்டாசு லேபிளில் நடிகைகளும் தெய்வங்களும் அனுமதி கேட்கப்படாமலே ஏறிவிடுவார்கள். அவர் கேட்டார்.

"நம்ம ஊர்க்காரர் டிவியில விரலைத் தூக்குனா எங்களுக்கு எம்புட்டுப் பெருமை சார்! 'அம்பயர் அணுகுண்டு'ன்னு பேரு. நீங்க விரலைத் தூக்குற படம் பெட்டி மேல."

இன்பராஜ் சிரிக்காமல் சம்மதித்தார். அதிகச் சந்தோஷம் வந்தால் அவர் சிரிக்க மாட்டார்.

புரட்டாசியில் நாக்பூரில் ஒருநாள் ஆட்டம். மட்டையில் பட்டுக் காலில் பட்ட, அவுட்டே இல்லாத பந்துக்கு இந்திய ஆட்டக்காரர் ஒருவரை எல்.பி.டபிள்யூ என்று அனுப்பிவிட்டார். இந்தியா தோற்றது. ஏதோ ஒரு ஊரில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். டிவியில் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பந்து மட்டையில் பட்டது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் தப்புச் செய்வார் என்று தெரிந்த ஒரே ஆளாக அதுவரை இருந்தேன். இப்போது நாடே எனக்குத் துணை. அந்தச் சந்தோஷத்தை எண்ணி வெட்கப்பட்டேன். ஆனாலும் டிவியை அணைக்கவில்லை.

ஊர் திரும்பியவர் சாப்பிடும்போது கேட்டார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்குத் தெரிஞ்சதைக் கொடுத்தேன்" என்று சொல்லி ரசம் கேட்டார்.

அடுத்த வாரம் கனகசபாபதி வந்தார். லேபிளை எடுத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம் இருந்தது.

"சார், கான்பூர்க்காரன் மூணு லோடு கேக்கான். பீகார்ல இருந்து போன் மேல போன். உங்க மூஞ்சியக் கொளுத்தணுமாம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்கிடாதீக. பெட்டியில மட்டும் படம் இருந்தா பத்தாதாம், ஒவ்வொரு வெடியிலயும் ஒட்டணுமாம். மொகம் பெருசா வேணும். நீங்க சரின்னா நாளைக்கே பிரஸ்ல ஓட்டிரலாம்."

"அந்த விரல் தப்புன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்றேன் என் கணவரிடம், வெளியாள் முன்னால். "அப்புறம் என்ன படத்தை வேணும்னாலும் கொடுங்க."

கனகசபாபதி சேவுப் பொட்டலத்தைப் பார்த்தார். இன்பராஜ் என்னைப் பார்த்தார். "புதுப் படம் எடுத்துத் தாரேன்" என்றார், கனகசபாபதியிடம்.

மறுநாள் சிவகாசி ஸ்டுடியோவுக்கு மூவரும் போனோம். அம்பயர் சட்டை, தொப்பி எல்லாம் போட்டு நின்றார். "விரலைத் தூக்குங்க சார்" என்றார் போட்டோக்காரர் பெத்தணன். இன்பராஜ் இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே மடக்கி, வலது கையால் இடது தோளையும் இடது கையால் வலது தோளையும் தொட்டார். சொன்ன முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்பதற்கு அம்பயர்கள் காட்டும் சைகை அது. இத்தனை வருடத்தில் எந்த மைதானத்திலும் அவர் அதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

"குளிருதா சார்? ஏசியக் குறைக்கவா?" என்றார் பெத்தணன்.

கனகசபாபதி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "விரலக் காணோமே. சரி, மூஞ்சி தெளிவா இருக்குல்ல? கொளுத்துறவனுக்கு அது போதும்."

கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். இது நாக்பூருக்கா, விருதுநகருக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் கையை இறக்கிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

பிளாஷ் வெளிச்சம் அடித்தது.

"இன்னொண்ணு எடுங்க" என்றேன் பெத்தணனிடம்.