வால்வுக்காரரின் தம்பி

தாடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டி, அண்ணனின் இடது கன்னத்தை மழித்து முடித்தாயிற்று. வலது கன்னத்தில் நுரை தடவினான் தம்பி. இருபத்தைந்து வருடமாகச் சலூன் நடத்துகிற கை. செத்தவர் முகத்தில், அதுவும் கூடப்பிறந்தவர் முகத்தில், இதுதான் முதல் தடவை.

"பாத்துப்பா, அந்தப் பக்கம் மச்சம் இருக்கு" என்றாள் அண்ணி.

இனி அவருக்கு என்ன வலிக்கப்போகிறது? ஆனாலும் மச்சத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் கத்தியை வைத்தான். காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷன், பொத்தானில் கை வைத்தபடியே சாய்ந்துவிட்டாராம்.

குடிதண்ணீர்க் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடுவது அண்ணனுக்கு வேலை. ஊருக்கே அவர் வால்வுக்காரர். எட்டு மாதத்துக்கு முன், எதிர்க்கட்சித் தலைவர் பேச வந்த நாளில், கூட்டம் நடந்த பேட்டைக்குத் தண்ணீர் நின்றுபோனது. மைக்கை நீட்டினார்கள். "ஆமா, நான்தான் மூடினேன்" என்றார் அண்ணன். டிவியில் வந்தது அவ்வளவுதான். இந்தக் கட்சி டிவி அவரை அந்தக் கட்சியின் கைக்கூலி என்றது, அந்தக் கட்சி டிவி இந்தக் கட்சியின் அடியாள் என்றது. அடேயப்பா, எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின!

சலூனில் காலை முதல் இருட்டும்வரை டிவி ஓடும். அந்த மூன்று வார்த்தையை நாளைக்கு நாற்பது தடவை போட்டார்கள். கத்தி கன்னத்தில் இருக்கும்போது வாடிக்கையாளரோடு வாதாடக் கூடாது என்பது தொழில் விதி. "தண்ணியை நிறுத்தினவன் உருப்படுவானா?" என்பார்கள். "ஆமாங்க" என்பான். "பச்சைத் துரோகி." "ஆமாங்க." அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், இவன் மனசு எந்த மூலைக்கு? சொல்லிச் சொல்லி ஒருநாள் நம்பியே விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஷேவிங்குக்கு வந்த அண்ணனிடம், "அண்ணே, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. யாரு மூடச் சொன்னாங்க?" என்று கேட்டான். அண்ணன் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். கழுத்துத் துண்டைத் தானே அவிழ்த்து, மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் தாடிதான்.

இன்றைக்கு நாலு பேர் வந்தால் பெரிது என்று நினைத்துக்கொண்டே முகத்தைத் துடைத்தபோது, வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். கட்டிலருகே வந்தவள் நின்றபடியே குலுங்கி அழுதாள்.

"யாரும்மா நீங்க?"

"பேட்டைலேர்ந்து வரேங்க. அன்னிக்குச் சாக்கடை உடைஞ்சு குழாயில கலந்துடுச்சு. மூடிட்டு, விடியறதுக்குள்ள வீடு வீடா வந்து கதவைத் தட்டினாருங்க. நான் சரிசரின்னு தலையை ஆட்டினேன், நகரவே மாட்டேன்னுட்டார். குடத்தைக் கவுத்துக் காட்டினப்புறம்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். எம் பொண்ணுக்கு அப்ப ஆறு மாசம்."

"இதை டிவிக்காரங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லாம? தெருவே கூடி நின்னு சொன்னோம். தலையைத் தலையை ஆட்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒரு வரி போடலையே, பாவிங்க!"

தம்பி துண்டைக் கீழே வைத்தான். அண்ணியைப் பார்த்தான். "எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம்னுட்டார்." அண்ணி தலையணையைச் சரிசெய்தாள். "'டிவியைக் கேட்டுக்கிட்டான், என்னை எதுக்குக் கேக்கணும்'னார்."

அவமானத்தில் அவனுக்கு உடம்பே கூசியது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், பின்னாலேயே ஒரு கிழவர், ஒரு குடும்பம். உட்கார இடமில்லை. பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கலாம் என்று வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வாசலிலிருந்து வரிசை. பறையோ ஒப்பாரியோ எதுவும் இல்லாத வெறும் வரிசை. தெருமுனை வரை போய், திரும்பி, மருந்துக்கடையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வேலை உடுப்போடு வந்தவர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், இடுப்பில் கைக்குழந்தைகள். யாரும் கூப்பிட்டு வந்தவர்களில்லை. இத்தனை பேர் நின்றும் ஒரு சத்தம் இல்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாடி, ஒரு மனுஷன் ஒரே விடியற்காலையில் இத்தனை கதவையா தட்டினார்!

நாற்காலியை மறந்துவிட்டு வரிசையை ஒட்டியே நடந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே மருந்துக்கடையைத் தாண்டினான். வரிசை முடிந்த இடத்தில், குழந்தையோடு நின்ற ஒருத்திக்குப் பின்னால் போய் நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அவரோட தம்பிதானே? சலூன்ல பாத்திருக்கேன். நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க, முன்னாடி போங்க."

"இல்லம்மா" என்றான். "நீங்க போங்க. நான் உங்களுக்கு அப்புறம்தான்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவனும் ஓர் அடி வைத்தான்.