குரங்கணியில் அப்படி ஆள் இல்லை

பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் வீரணன் எழுதியிருந்தார்: "இங்க வெளியாளு வந்து எறங்குற சட்டம் இறுகப் போகுது மாப்ளே. பாஸ்போர்ட்டை வெரசா வாங்கிட்டு வந்து சேரு. கப்பல் சீட்டு என் பொறுப்பு."

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போடிக்குப் போய்ப் போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டுக்குள் எனக்கு முன்னால் எத்தனை பேர் வேர்த்தார்களோ, அப்படி ஒரு வாடை! இருந்தாலும் படத்தில் நான் கலெக்டர் மாதிரி இருந்தேன். யார் சிரித்தாலும் சரி, இருந்தேன். மனுவில் ஒட்டியது போக மிச்சம் இருந்த படத்தைக் குரங்கணி முழுக்கக் காட்டினேன். டீக்கடை ஒச்சப்பன் அண்ணன், "யார்றா இது, மாப்பிள்ளைக் களை சொட்டுது!" என்றார். என் ஆத்தா கருத்தம்மா மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது அரிசிக் கட்டுப்பாட்டுக் காலம். மலைக்கு மேலே மலையாள எல்லை தாண்டி அரிசி போகக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. மலைமேல் தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்ன, ஏலக்காயையா பொங்கித் தின்பான்? எங்கள் ஆட்கள் தலைச்சுமையாக மூட்டையை ஏற்றிவிட்டார்கள். அதனால் போலீஸ் வந்து யார் பெயரைக் கேட்டாலும் ஊரில் ஒரே பதில்தான்: அப்படி ஆள் இங்கே இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வாண்டுப் பயல்களுக்குக்கூடத் தெரியும்.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் போலீஸ் வீடு தேடி வந்து விசாரிக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊரில் முன்பே சொல்லி வைத்திருப்பேன். நான் மேலே தோட்டத்தில் காய் எடுக்கப் போயிருந்த அன்று ஏட்டையா வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் இறங்கி வந்தால், ஒச்சப்பன் அண்ணன் கடையை விட்டு எழுந்து வந்து தோளில் தட்டினார்.

"பயப்படாத தம்பி. ஒன்னயத் தேடித்தான் ஏட்டு வந்தாரு. தங்கபாண்டியன்னு ஒருத்தன் இந்த ஊர்ல பொறக்கவே இல்லன்னுட்டோம். ஒரு பய காட்டிக் குடுக்கலையே!"

"அடப் பாவிகளா! அது என் பாஸ்போர்ட்டு விசாரணைண்ணே! பொழப்பையே கெடுத்துட்டீகளே!"

வீட்டுக்கு ஓடினேன். ஏட்டையா ஆத்தாவிடம்தான் கடைசியாகக் கேட்டாராம். அவளும் இல்லை என்று சொல்லி, குனிந்து மண்ணில் அடித்துச் சத்தியம் செய்தாளாம். மண்ணடித்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக அடித்தால் பெற்ற பிள்ளையைத் தாக்கும் என்பார்கள்.

"என்ன காரியம் பண்ணிட்ட ஆத்தா!" என்று கத்தினேன்.

"அரிசிச் சோலின்னு நெனச்சிட்டேன் அப்பு," என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

ஆள் இல்லை என்று ரிப்போர்ட் போய்விட்டால் மனு அத்தோடு செத்தது. மறுநாள் காலையில் அவளை இழுத்துக்கொண்டு போடி ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"ஊரு சொன்னத நான் நம்பல தம்பி. ஊரு வழக்கம் எனக்குத் தெரியாதா? அதான் ஒங்காத்தாகிட்ட போட்டோவக் காட்டி, அரிசிக் கேசு இல்லம்மா, ஒம் மகன் கப்பலேறுறதுக்கான விசாரணைன்னு ரெண்டு தரம் சொன்னேன். நல்லாக் கேட்டுட்டுத்தான் மண்ணடிச்சுச்சு."

ஆத்தா பக்கம் திரும்பி, "தெரிஞ்சா சொன்ன?" என்றேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். ஒங்கப்பன் ரங்கூனுக்குப் போகையில வாயத் தொறக்காம நின்னேன். போன மனுசன் போனவருதான். இந்தத் தடவையாச்சும் தொறப்பம்னு தொறந்தேன்."

அப்பனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் பினாங்கு வேண்டும் என்றுதான் அப்போதும் இருந்தது.

"இன்னைக்கு ரிப்போர்ட்டு அனுப்பணும்," என்றார் ஏட்டையா. "இவன் ஒம் மகனா, இல்லையா? ஒன்னச் சொல்லும்மா."

ஆமாம் என்றால் அந்தச் சத்தியம் பொய்; அவள் கணக்கில் அது என் தலையில் விழும். இல்லை என்றால் நான் ஊரோடு கிடப்பேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த ரிப்போர்ட்டுக் காகிதத்தைப் பார்த்தேன்.

"எம் மகந்தான் சாமி," என்றாள். பிறகு மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "பொய்ச் சத்தியம் எந் தலையோட போகட்டும். பிள்ளையத் தொட்டுறாத, தாயே." பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தாள்.

வெளியே பஸ்சுக்கு நின்றோம். விரலில் இருந்த மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அங்க போயி யாராச்சும் கேட்டா, ஆத்தான்னு ஒருத்தி இருக்கான்னு சொல்லுவியா அப்பு?"