முப்பத்தோரு வரி

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேன் டாக்டர் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து வைப்பார். அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே டைப் செய்வது அக்காவின் வேலை. பதினாறு வருஷ சர்வீஸ். டாக்டர் இருமினால், அது ஜலதோஷ இருமலா, வார்த்தை தேடுகிற இருமலா என்றுகூடச் சொல்லிவிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாற்காலியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்படிப்பட்டவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. மற்ற மூன்றும் மடங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. மௌஸைப் பிடித்தால் முழங்கை வரை சுள்ளென்று இழுத்தது. புதிதாக வந்திருந்த கண்காணிப்பாளர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எதையும் நிமிஷக் கணக்கில்தான் பேசுவார்.

"ஆறு வாரம் டைம் தரேம்மா. இருபத்தஞ்சு நிமிஷத்துல ரெண்டு ரிப்போர்ட். முடிச்சிட்டா சீட் உங்களுக்கே. இல்லன்னா கீழ பழைய ஃபைல் ரூமுக்கு மாத்த வேண்டியிருக்கும்."

ஃபைல் ரூமாம்! தூசி தட்டவா அக்கா இத்தனை வருஷம் காதையும் கண்ணையும் தேய்த்தாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"அண்ணி, மௌஸே தேவையில்லாத எடிட்டர் ஒண்ணு இருக்கு. நான் அதுலதான் வேலை பாக்கறேன். உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லயும் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

விஷயம் இதுதான். அந்த எடிட்டருக்கு இரண்டு நிலை. ஒன்றில் விசையை அழுத்தினால் எழுத்து விழும். இன்னொன்றில் அதே விசைகள் மேலே போகும், கீழே வரும், வரியை அழிக்கும், தேடும். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே ஒரு செட்டிங் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

"நீங்க ஏன் கஷ்டப்படணும்? என் ஃபைலையே தரேன். எண்ணூறு வரி, எட்டு வருஷமா சேத்தது" என்றாள் நாத்தனார், சீர்வரிசைத் தட்டை நீட்டுகிற மாதிரி.

திங்கட்கிழமை அக்கா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ ஒருவருடைய சிறுநீரக ஸ்கேன். பாதி ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு விசையில் விரல் பட்டது. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: சோதனைகள் அனைத்தும் தோல்வி. அக்கா எழுந்து டாக்டர் அறைக்கே ஓடினாள். "டாக்டர், அந்த கிட்னி பேஷண்டுக்கு வேற ஏதாவது டெஸ்ட் எடுத்தாங்களா? எல்லாமே போயிடுச்சுன்னு வருது!"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. நாத்தனார் தான் எழுதும் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்க அந்த விசையை ஒதுக்கி வைத்திருந்தாளாம். கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அந்த எண்ணூறு வரியையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டாள். ஃபைல் காலி.

"இனிமே எனக்குப் புரியாத ஒரு வரிகூட உள்ள வராது" என்றாள்.

"போங்க அண்ணி, ஒண்ணொண்ணா எழுதி ஆறு வாரத்துல நீங்க முடிச்ச மாதிரிதான்!" நாத்தனாருக்கு முகம் தொங்கிவிட்டது.

முதல் வரி, மேலும் கீழும் போகிற விசைகளை வலது கைப் பக்கத்திலிருந்து இடது கைக்குக் கொண்டுவருவது. அதற்கே ஒரு காலைப்பொழுது போனது. இரண்டாவது வரியில் ஒரு குறி விட்டுப்போய் எடிட்டர் திறக்கும்போதெல்லாம் பிழை பிழை என்று திட்டியது. அக்காவும் பதிலுக்குத் திட்டினாள். ஐந்தாவது நாள் ஒரு பெரிய மடத்தனம் செய்தாள். சேமிக்கிற விசைக்குப் பக்கத்திலேயே வரியை அழிக்கிற விசையை வைத்துவிட்டு, சேமிப்பதாக நினைத்து நுரையீரலைப் பற்றிய மூன்று வரியைக் காலி செய்தாள். தலையில் அடித்துக்கொண்டு அதை மாற்றினாள். எண்டர் விசையின் வேலையும் இடது கைக்கு வந்தது. டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை" என்பதற்கு மூன்றே எழுத்து. அடித்தால் முழு வாக்கியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது முதன்முதலாக வந்த அன்று அக்கா வாய்விட்டு "அடி சக்கை!" என்றாள்.

"கீபோர்டோடயே குடித்தனம் நடத்தறியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இதாவது சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

ஆறாவது வாரம் முப்பத்தோரு வரி ஆகியிருந்தது. இருபது நிமிஷத்தில் இரண்டு ரிப்போர்ட்.

பரீட்சை அன்று கண்காணிப்பாளர் அவளை வேறு அறைக்கு அழைத்துப் போனார். புத்தம் புதுக் கணினி. "உங்க சீட்ல வெச்சா நாளைக்கு யாராவது குறை சொல்லுவாங்க. இங்கதான் எல்லாருக்கும்." பென் டிரைவ் போடக் கூடாது. இன்டர்நெட் கிடையாது.

அக்கா எடிட்டரைத் திறந்தாள். வெறும் எடிட்டர். அவளுடைய ஒரு விசையும் அதில் இல்லை. கீழே இருக்கிற அந்த ஃபைல் ரூமின் கதவு கண்ணுக்கு நேரே தெரிந்தது.

"ஆரம்பிக்கலாமா?" கண்காணிப்பாளர் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டார்.

ஹெட்ஃபோனை எடுக்காமல் அக்கா செட்டிங் ஃபைலைத் திறந்தாள். முதல் வரியை அடித்தாள். இரண்டாவது வரி, அன்று விட்டுப்போன குறியையும் சேர்த்து. ஒவ்வொரு வரியும் எந்தக் காலையில், எந்தத் திட்டுக்குப் பிறகு வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதையும் யோசித்துத் தேட வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, நீங்க ரிப்போர்ட்டே ஆரம்பிக்கல. ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் அவர்.

"தெரியும் சார்."

"மூணு நிமிஷம்."

அக்கா முப்பத்தோராவது வரியை அடித்துச் சேமித்து, மூடித் திறந்தாள். எடிட்டர் திட்டவில்லை. நான்கு நிமிஷம் போயிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினாள். டாக்டர் இருமினார்; வார்த்தை தேடுகிற இருமல். அதற்கப்புறம் ஏழு விரல்களும் ஓடின, கண்காணிப்பாளர் கண்கொட்டாமல் பார்த்தார்.

இரண்டாவது ரிப்போர்ட்டைச் சேமித்தபோது இருபத்து நாலரை நிமிஷம். கண்காணிப்பாளர் இரண்டையும் வரி வரியாகப் படித்தார். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. படிவத்தில் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

"புது மெஷின் குடுத்தது நாங்கதானே. அந்த நாலு நிமிஷத்தைக் கழிச்சுடறேம்மா. இருபதரைன்னு போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

ஆறு வாரமாக எல்லாரும் அக்காவின் கையை மட்டுமே பார்த்துப் பேசியிருந்தார்கள். பெருமை பொங்கிக்கொண்டு வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"கழிக்காதீங்க சார்" என்றாள். "அதுவும் நான் எழுதினதுதான். சேர்த்தே போடுங்க."