வாய்க்குள் இருந்தது

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் டாக்டர் வேண்டும். பூனை தும்மினால் டாக்டர், கோழி தலை குனிந்தால் டாக்டர். போதாக்குறைக்கு அந்த டாக்டரே வேன் ஏறி வாரம் ஒருநாள் தெருமுனையில் வந்து நிற்கிறாள். ஊசிக்கு வாங்குவது டீக்காசு. அவ்வளவு மலிவாகக் கொடுக்கிற மருந்தில் பாதி தண்ணீராகத்தான் இருக்கும் என்பது பெரியவரின் தீர்மானம்.

அன்றைக்கு அவரும் அந்த வேனுக்கு முன்னால் நின்றார். நாயின் சங்கிலி மருமகள் கையில். அவர் கையில் மண்வெட்டி.

நேற்றுக் காலையிலிருந்து நாய் வாயை மூடவில்லை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, முன்காலால் முகத்தைப் பிறாண்டியது. தண்ணீர்ச் சட்டியைப் பார்த்ததே தவிர, குடிக்கவில்லை. அவருக்கு இது புதிதல்ல. ஏழு வருஷத்துக்கு முன் வீட்டிலிருந்த செம்பட்டை நாயும் இப்படித்தான் நின்றது. வெறி என்று முடிவுகட்டி, கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய் ஒரே அடி. வாலை ஆட்டிக்கொண்டேதான் கூட வந்தது. அன்றிலிருந்து பட்டப்பகலில், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கதவின் அடிப்பக்கம் நகம் உரசும். திறந்தால் வாசல் வெறிச்சென்று கிடக்கும். காற்று என்று சொல்லிக்கொள்வார். காற்றுக்கு ஏது நகம்?

“சங்கிலியக் குடும்மா. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. வெறி புடிச்சத வச்சுக்கிட்டு வேடிக்கை காட்டுறியா?”

“ரெண்டு நிமிஷம் பொறுங்க மாமா. உங்க மண்வெட்டி எங்கயும் ஓடிப்போயிடாது.”

டாக்டர் கிட்டே வராமல் தள்ளி நின்றே கேட்டாள்: “தடுப்பூசி போட்டிருக்கா? வேற நாய் ஏதும் கடிச்சுதா?”

“கடி எதுவும் இல்ல. ஊசி போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ஒண்ணு. உங்க வேன்லதான், மாமாவுக்குத் தெரியாம,” என்று மருமகள் அட்டையை நீட்டினாள்.

பெரியவர் அவளை முறைத்தார்.

டாக்டர் அட்டையை இரண்டு தடவை பார்த்தாள். தடித்த கையுறையை முழங்கை வரை ஏற்றி, மயக்க ஊசி போட்டாள். நாய் சரிந்ததும் வாயைப் பிளந்து டார்ச் அடித்தாள். மேல்வாயில், இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, எலும்புத் துண்டு ஒன்று குறுக்கே இறுகியிருந்தது. இடுக்கியால் நெம்பினாள். டொக்கென்று வந்து தட்டில் விழுந்தது.

“இவ்வளவுதான் பெரியவரே. மயக்கம் தெளிஞ்சதும் தண்ணி குடிக்கும்.”

மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். பெரியவர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமாவே வெறி புடிச்ச நாய் வால ஆட்டுமா?” என்றார் திடீரென்று.

“ஆரம்பத்துல சிலது ஆட்டும். பாத்த உடனே சொல்லிட முடியாது. ஏன், முன்னாடி ஏதாவது நாய்க்கு இப்படி ஆச்சா?”

“ஆச்சு.”

“வாய்க்குள்ள பாத்தீங்களா?”

“எவன் பாப்பான்? அப்ப உங்க வேன் எங்க போச்சு?”

டாக்டர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அதுக்கு வெறிதான். எனக்குத் தெரியாதா?” என்றார் பெரியவர்.

“நான் இல்லன்னு சொல்லலயே, ஐயா.”

அவள் சண்டைக்கு வந்திருந்தாலாவது தேவலை. அவர் திரும்பி நடந்தார். ஒரு எலும்பைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா இவர்களுக்கு?

“வெறிதான்,” என்று யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னார். பதில் வருவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல, வெயிலில் விறுவிறுவென்று நடந்தார்.