அய்யன் நெற்றியில் ஒரு பெருக்கல் குறி

எங்கள் கம்பெனி வெப்சைட்டின் முதல் பக்கத்தில் எங்கய்யன் படம் இருக்க வேண்டும் என்றேன் நான். இருக்கவே கூடாது என்றாள் என் மருமகள் மதுமதி. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வேலம்பாளையத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே சண்டை இதுதான். மற்றதெல்லாம் பேச்சுவார்த்தை.

என் கட்சி எளிமையானது. என்னைப் பெற்ற அய்யன் கந்தவேல்தான் எங்கள் முதல் பனியன் மிஷினை வாங்கியவர். கம்பெனிக்கே அவர் பெயர். ஆபீஸ் வாசலில் மாலையும் குங்குமமும் விளக்குமாக அவர் படம் இருக்கிறது. டெய்லர் முதல் ஆடிட்டர் வரை செருப்பைக் கழற்றிவிட்டு, படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கம்ப்யூட்டர் வழியாக வருகிறவனுக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

என் தம்பி மகன் சசிகுமாரும் தனியாகக் கம்பெனி வைத்திருக்கிறான். அவனுடைய வெப்சைட்டைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாதி பனியனை மட்டும் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். மீதிப் பனியனுக்குத் துணி பற்றவில்லை போலும். அவள் அவனுக்கு என்ன முறை வேண்டும் என்று ஒரு கல்யாணத்தில் கேட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. நல்லதுதான்.

மதுமதி கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். இப்போதெல்லாம் வெப்சைட்டை அடியிலிருந்து கட்டுவதில்லையாம். கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று தயாராக ஒன்று கிடைக்கிறதாம். அதோடு வேண்டியதைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம், தையல் மிஷினில் துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரை மாட்டிப் பட்டி அடிப்பதைப் போல. அப்படி மாட்டுகிற சாமானுக்கு ப்ளக்-இன் என்று பெயர். மதுமதி எங்கள் மாடியறையில் உட்கார்ந்து ப்ளக்-இன் எழுதி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

எனக்காகவும் ஒன்று எழுதினாள். வெப்சைட்டைத் திறந்ததும் அய்யன் படம் திரையின் நடுவை மறைத்துக்கொண்டு வரும். மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தினால் அய்யன் விலகுவார், கம்பெனி தெரியும். படம் சின்னதாக இருக்கிறதே என்று பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கியதில் குறி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அய்யன் நெற்றி அதன் கீழே வந்துவிட்டது.

"மாமா, இது சரிப்படாதுங்க. வர்றவங்க வழி தெரியாமத் திரும்பிப் போயிருவாங்க" என்றாள்.

"கும்பிட்டுப்போட்டு உள்ள போகத் தெரியாதவன் நமக்கு எதுக்கு கண்ணு?"

"திங்கக்கிழமை ஏஜென்ட் நம்ம வெப்சைட்டை டென்மார்க்ல சரக்கு வாங்கற பையருக்குக் காட்டறாருங்க. அவிய கும்பிடறவங்களா மாமா?"

கடைசியில் ஒரு உடன்பாடு. வெப்சைட்டை இதுவரை பார்க்காத மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. குழந்தைகள் டி-ஷர்ட்டைத் தேடிக் கண்டுபிடித்து, சாம்பிள் கேட்டு அனுப்பச் சொல்வது. மூவரும் அனுப்பிவிட்டால் அய்யன் முதல் பக்கத்தில் இருப்பார், இல்லாவிட்டால் எடுத்துவிடுவது. இதற்கு யூசபிலிட்டி டெஸ்டிங் என்று பெயராம். ஒரே விதி: என்ன தோன்றுகிறது என்று மதுமதி கேட்பதைத் தவிர, பார்க்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. உதவக் கூடாது, இருமக்கூடக் கூடாது. சரி என்றேன். என் மகன் அருள்செல்வன் அன்று சாயமேற்றும் டையிங் யூனிட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் சண்டை வருகிற நாளெல்லாம் அவனுக்கு டையிங்கில் வேலை வந்துவிடும்.

மாடியறைக்கு வந்தவர்களுக்கு நான் காபியும் மைசூர்பாகும் வைத்தேன். மதுமதி முகம் சுளித்தாள்.

"வாங்கித் தின்னவங்க அப்புறம் எப்படிங்க மாமா குத்தஞ் சொல்லுவாங்க?"

"வந்தவங்களை வெறும் வயித்தோட உக்கார வெச்சுத்தான் உன்ற டெஸ்டிங் நடக்கோணும்னா, அந்த டெஸ்டிங்கே வேண்டாம்."

முதலில் வந்தவர் நல்லான், எங்கள் கட்டிங் மாஸ்டர். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அய்யன் வந்தார். நல்லான் எழுந்து நின்று கும்பிட்டார். நான் மதுமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கும்பிட்டவர் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே இருந்தார்.

"மனசுல என்ன தோணுதோ அதைச் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் மதுமதி.

"பெரியவர் நல்லா இருக்காருங்க."

"அப்புறம்?"

"நெத்தியில பெருக்கல் குறி ஒண்ணு இருக்குதுங்க. ஆரோ தெரியாம போட்டுட்டாங்களாட்ட இருக்குது. அழிச்சுருங்க அம்மிணி, பாக்கச் சங்கடமா இருக்குது."

பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உள்ள போறதுக்குப் பெரியவர் உத்தரவு வேணுங்களா, மொதலாளி?" என்று கேட்டார். விதிப்படி நான் பதில் சொல்லவில்லை. உத்தரவு கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்தது பாண்டியம்மாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் செக்கிங்கில் வேலை பார்க்கிறவள். பீஸில் ஒரு ஓட்டை இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். அதையும் விட வேகமாக வாய் போகும்.

"ஆத்தாடி, யாரு இந்தத் தாத்தா? வழிய மறிச்சுக்கிட்டுல்ல நிக்கிறாரு!"

என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவள் மவுஸைப் பிடித்து அய்யனின் மூக்கை அழுத்தினாள். காதை அழுத்தினாள்.

"மீசையில கதவு இருக்குமோ? இல்லையே... மாலையில இருக்குமோ?"

"வேற ஏதாவது தெரியுதுங்களா?" என்றாள் மதுமதி.

"தெரியாம என்ன? பெருக்கல் குறி தெரியுது. அத அமுக்குனா தாத்தா காணாமப் போயிருவாருன்னும் தெரியுது. பின்னாடி மொதலாளி ஐயனார் கணக்கா உக்காந்திருக்காரு. அவரு அப்பாவ நான் அமுக்கி அனுப்பிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்கு வருவேன்? எனக்கு எதுக்குத்தா வம்பு!"

இன்னொரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

மதுமதி நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "மாமா, டெஸ்ட்டுல குறுக்க நிக்கறது அப்புச்சி படம் மட்டும் இல்லீங்க. நீங்களுந்தான். இந்த ரெண்டு பேரைக் கணக்குல சேக்க வேண்டாம். கடைசி ஆளை மட்டும் வெச்சு முடிவு பண்ணிக்கலாம். ஆனா, நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்துக்கோணும்."

என் வீட்டில், என் அய்யன் கட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் என்னை ஒளிந்துகொள்ளச் சொன்னாள். ஆனால் என் இரண்டு தோல்வியையும் நியாயமாகத் தள்ளுபடி செய்தவளிடம் முறைத்துக்கொள்ள வழியில்லை. போனேன். அங்கே இன்னொரு திரையில், மதுமதியின் கம்ப்யூட்டரில் நடப்பது அப்படியே தெரிந்தது. பேச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

மூன்றாவது ஆள் கீதாஞ்சலி. மதுமதியோடு படித்தவள், வேறொரு கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. அய்யன் திரையில் வந்தார்.

"அய்யோ, இது எந்த ஊரு அப்புச்சிடி? போயிட்டு வாங்க அப்புச்சி!"

டக். அய்யன் மறைந்தார். அவ்வளவு சுலபமாக எங்கள் அய்யனை வழியனுப்பி நான் பார்த்ததில்லை. அவர் சாகும்போதுகூட மூன்று நாள் இழுத்தது.

அவள் டி-ஷர்ட் பக்கத்தை அழுத்தினாள். அய்யன் மறுபடி வந்தார். ஒருமுறை மூடினால் போதும் என்பதை ப்ளக்-இன் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"மறுபடியும் வந்துட்டீங்களா? காபி குடிக்காமப் போக மாட்டீங்களாட்ட இருக்குது." டக். குழந்தைகள் பக்கம். அய்யன். டக். சாம்பிள் கேட்கும் பக்கம். அய்யன். கீதாஞ்சலி மவுஸை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மது, இது பனியன் கம்பெனியா, எழவு ஊடா? மாலை, குங்குமம், விளக்கு... பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட்டாப்புல இருக்குது. மொதலாளி செத்துட்டாரு, இன்னைக்கு லீவுன்னு நெனச்சுப் பையர் போயிருவான்டி!"

நான் கதவைத் திறந்துகொண்டு வந்தேன். கீதாஞ்சலி விருட்டென்று எழுந்தாள்.

"அங்கிள், நீங்க இருக்கறது தெரியாதுங்க..."

"தெரிஞ்சிருந்தா மைசூர்பாகைத் தின்னுட்டு, நல்லா இருக்குதுங்கன்னு சொல்லீருப்பே. உக்காரு. எந்திரிக்காதே." பிறகு மதுமதியிடம் சொன்னேன்: "இவ அவசரக்காரி. நிதானமான ஆளு உக்காந்தா எப்படி இருக்குதுன்னு பாரு. இந்த டெஸ்ட்ட நானே செய்யறேன்."

கீதாஞ்சலி தள்ளிக்கொண்டாள். மதுமதி வெப்சைட்டை மூடி மறுபடி திறந்தாள். அய்யன் வந்தார்.

மவுஸை நகர்த்தினேன். அம்புக்குறி அவர் தோளில் ஏறி, மீசையைத் தாண்டி, நெற்றிக்குப் போய் நின்றது. விரலை அழுத்தினால் போதும். கண்கள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கணக்கில் காசு குறைந்தால் அவர் பார்க்கிற அதே பார்வை. அம்புக்குறியைக் கீழே இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். மறுபடி இறக்கினேன்.

"மனசுல என்ன தோணுதோ, சத்தமாச் சொல்லுங்க மாமா" என்றாள் மதுமதி.

"ஒண்ணுந் தோணல."

கரண்ட் போனால் கௌரவமாக எழுந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்து நின்று எரிந்தது.

"கண்ணு, நீ அழுத்து."

"நான் உதவக் கூடாதுங்க மாமா. விதி."

"அங்கிள், நான் வேணா..." என்றாள் கீதாஞ்சலி.

"நீ அழுத்துனது போதும்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அப்போதுதான் டென்மார்க்காரன் என் கண்முன் வந்தான். காலையில் பல்கூட விளக்கியிருக்க மாட்டான். ஒரு கையில் காபிக் கோப்பை, இன்னொரு கையில் மவுஸ். பெற்ற மகன் என்னால் முடியாததை அவன் பக்கத்துக்குப் பக்கம் செய்வான். யாரென்று தெரியாத ஒருவன் நெற்றியில் குத்தி, போ போ என்று எங்கய்யனை விரட்டுவான். அதற்குத்தான் நான் இத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"எடுத்துரு" என்றேன்.

"மாமா?"

"வர்றவன் போறவனெல்லாம் தள்ளிவிடறதுக்கு எங்கய்யன் ஸ்டூல் இல்லை. உள்ள தனியா ஒரு பக்கத்துல வெய்யி. பாக்கோணும்னு நெனைக்கறவன் தேடிட்டு வரட்டும். அந்தப் பக்கத்துல பெருக்கல் குறி இருக்கக் கூடாது. கூட்டல் குறிகூட இருக்கக் கூடாது. இது டெஸ்ட்டுல தோத்ததுக்காக இல்லை, நான் போடற உத்தரவு."

"சரிங்க மாமா" என்றாள் மதுமதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. கீதாஞ்சலி அடக்கவில்லை.

திங்கட்கிழமை ஏஜென்ட் வெப்சைட்டைக் காட்டினார். அந்த வாரமே டென்மார்க்கிலிருந்து சாம்பிள் கேட்டு எழுதினான். உள்பக்கம் போய் அய்யனைப் பார்த்தானா என்று தெரியவில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வளர்ப்பு சரியில்லாத தேசம்.

இரண்டு மாதம் கழித்து மதுமதி வெளிறிய முகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த ப்ளக்-இன்னைச் சும்மா விடுவானேன் என்று, தள்ளுபடி அறிவிப்புக்கு உதவும் என வெளிநாட்டில் விற்பனைக்கு வைத்திருக்கிறாள். உள்ளே இருந்த அய்யன் படத்தை எடுக்க மறந்துவிட்டாள். போலந்தில் சோப்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: உங்கள் ப்ளக்-இன்னை மாட்டியதிலிருந்து மாலை போட்ட ஒரு பெரியவர் என் கடை வாசலில் நிற்கிறார், மூடினால் திரும்பவும் வருகிறார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதறேனுங்க மாமா. இப்பவே எடுத்தறேனுங்க."

"எழுது" என்றேன். "எழுதறப்போ இதையும் கேளு. அங்க உள்ள வர்றவங்க செருப்பைக் கழட்டறாங்களா?"