ஒன்பது கெஜம் கோட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழவெளி வீதியில் டூரிஸ்ட் கைடு கிறிஸ்துராஜின் வீட்டுக்குள் மதுரைக் கோட்டைச் சுவர் திரும்ப முளைத்தது. அன்று முழங்கால் உயரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது நெஞ்சு உயரம். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது கெஜ நீளத்துக்குக் கல்லும் சுண்ணாம்புமாக நின்றது. பக்கத்து வீடுகளில் எதுவும் முளைக்கவில்லை. மனைவி பாக்கியமேரி சாம்பார்க் கிண்ணத்தைச் சுவருக்கு மேலே நீட்ட, அவர் இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டார்.

நூற்றெண்பது வருடங்களுக்கு முன்பு, ஊர் கோட்டைக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த காலத்தில், அதை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கூலி கிடையாது, யார் எவ்வளவு இடித்து அகழியைத் தூர்க்கிறாரோ, அவ்வளவு இடம் அவருக்கு. கிறிஸ்துராஜின் முன்னோர் ஒருவர் ஒன்பது கெஜம் இடித்து இந்த இடத்தை வாங்கினார். கோபுரம், மகால், வைகை எல்லாம் காட்டி முடித்ததும், இடிபடாமல் மிஞ்சிய விட்டவாசலில் நின்று கிறிஸ்துராஜ் முப்பது வருடமாகச் சொல்லிவந்தது இதைத்தான். "இடிச்சவனுக்கே இடம் சார். எங்களுக்கு ராஜா குடுத்த வீடு இல்ல, கடப்பாரை குடுத்த வீடு." பக்கத்துவீட்டு முத்துப்பாண்டிக்கு அது மனப்பாடம்.

சுவரைப் பார்க்கக் கூட்டம் வரும் என்ற ஆசையில் கிறிஸ்துராஜே போய்த் தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். வந்த அதிகாரி டேப் பிடித்து அளந்தார், பழைய பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். "இடிச்சா இடம்னு இருக்கு. சுவர் நிக்கிதே சார்," என்றார். முப்பது நாள் கெடு. அதற்குள் சுவர் போகாவிட்டால் வீடு போய்விடும்.

கிறிஸ்துராஜ் பகலெல்லாம் இடித்தார். விடிந்தால் சுவர் பழையபடி நின்றது. பாக்கியமேரி கல்லைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி வைகையில் கொட்டிவிட்டு வந்தாள். கல் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள் முத்துப்பாண்டி தெருக்காரர்கள் நாலு பேரோடு கடப்பாரை எடுத்து வந்தான். "தனியா எம்புட்டுத்தாண்ணே இடிப்பீங்க? தள்ளுங்க." கிறிஸ்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பாக்கியமேரி மூன்று தடவை டீ போட்டாள். அவர்கள் இடித்த இடத்தில் சுவர் முளைக்கவில்லை. மறுநாளும் முளைக்கவில்லை.

கெடு முடிந்து வந்த அதிகாரி, யார் இடித்தது என்று கேட்டார்.

"நாங்கதான் சார். அஞ்சு கெஜம் நானு, மிச்சம் இவிங்க," என்றான் முத்துப்பாண்டி. கிறிஸ்துராஜ் அவனையே பார்த்தார். "என்னண்ணே பாக்குறீங்க? ஊருக்கெல்லாம் நீங்க சொன்னதுதான."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

"ரெண்டாவது டீக்கு இஞ்சி வேற தட்டிப் போட்டேன்," என்றாள் பாக்கியமேரி.

வில்லாபுரத்தில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தது. குடிபோன நாலாம் நாள் சமையலறையில் தரை பிளந்து, கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. கிறிஸ்துராஜ் பரணிலிருந்து கடப்பாரையை இறக்கினார்.

"இடிச்சு இப்ப யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்றாள் பாக்கியமேரி. வீட்டில் சமையல் மேடை இல்லை. தரையில் குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சுவரை ஈரத்துணியால் துடைத்து, கேஸ் அடுப்பைத் தூக்கி அதன்மேல் வைத்து, உலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.