பின்னால் போன கால்

காளியாயிக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள்ளைப் பார்க்க மாட்டாள், அதைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்ப்பாள். புருசன் சோலைமலை முதன்முதலில் சிலம்பப் போட்டியில் ஜெயித்து வெள்ளிக் கப்போடு தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தபோது, வரிசை வீடுகளான அந்த லயமே வாயைப் பிளந்தது. அவள் மட்டும் கப்பை விரலால் சுண்டிப் பார்த்து, "பித்தளைங்க," என்றாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பயம் வந்தது இராமையாவால். அவன் கங்காணியின் மச்சான். எட்டாம் நம்பர் மலையில் ராசம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். பார்த்த பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். காளியாயி நேரே ஆபீசுக்குப் போய்த் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரமே அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. மூட்டையோடு கிளம்பியவன், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"மலையிலருந்து லயத்துக்குக் குறுக்குப் பாதையில ஒரு நாளைக்கு வருவல்ல காளியாயி? அன்னைக்குப் பேசிக்கிறேன்."

ஆள் வட்டகொடை ஸ்டேசன் பக்கம்தான் சுற்றுகிறான் என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அதிலிருந்து தேயிலைச் செடி அசைந்தாலே அவள் நின்றுவிடுவாள்.

சோலைமலைக்கு மட்டும் சிரிப்பு. "ஏ புள்ள, மூணு வருசமா திருவிழாவுல என்னய ஒருத்தன் தொட்டிருக்கானா? நான் இருக்கறப்ப உனக்கென்ன?"

திருவிழாச் சிலம்பம் என்றால் கம்பு நுனியில் சுண்ணாம்பு தோய்த்து ஆடுவது. எதிராளி உடம்பில் பொட்டு விழுந்தால் ஒரு புள்ளி. பள்ளிக்கூடத்து றோலண்ட் மாஸ்டர் விசில் ஊதுவார், இருவரும் விலகி நிற்க வேண்டும். விலகாமல் மறுபடி அடித்தவனுக்குத் தோல்வி. சனம் கம்பைப் பார்த்துக் கைதட்டும்போது காளியாயி புருசனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கம்பு எதிராளியைத் தொட்டதுமே அவன் வலது கால் ஓரடி பின்னால் போகும். கம்பு மேலே உயரும். முகம் மாஸ்டர் பக்கம் திரும்பும். தப்பாமல் அப்படித்தான்.

"அந்தக் குறுக்குப் பாதையில விசில் ஊத மாஸ்டர் வருவாராங்க?" என்று கேட்டாள்.

"என்னா பேச்சு பேசுற நீ!"

அவள் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தாள். "எங்க, என்னய நிப்பாட்டுங்க பாப்போம்."

அவன் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கம்பால் மெதுவாகத் தொட்டான். தொட்டுவிட்டு விலகி நின்றான். அவள் நிற்கவில்லை. கட்டையால் அவன் முட்டியில் ஒன்று வைத்தாள்.

"அடியே! தொட்டாச்சுல்ல? நிக்கணும்டி!"

"இத அவன்கிட்ட யாருங்க சொல்லுறது?"

மறுநாள் காலை சாம்பியன் நொண்டிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்ததைப் பார்த்துக் களமே சிரித்தது. அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்ததும், கம்பும் கையுமாக அவளைக் கூட்டிப்போக மலைக்கு வந்துவிடுவான். அதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் இராமையா வந்தான். பொழுது இன்னும் சாயவில்லை, பனிமூட்டம் மட்டும் மலையில் இறங்கியிருந்தது. குறுக்குப் பாதையில் சோலைமலை முன்னால் போனான். கொழுந்து நிறைந்த கூடையோடு காளியாயி பின்னால் நடந்தாள். வளைவில் செடிகளுக்குள்ளிருந்து எழுந்தவன் கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது.

சோலைமலையின் கம்பு ஒரே வீச்சில் அவன் நெஞ்சில் போய் நின்றது. திருவிழாவாக இருந்தால் சனம் விசிலடித்திருக்கும். இராமையா தள்ளாடினான். இன்னும் ஓர் அடி விழுந்திருந்தால் பாதையோர வடிகால் கானுக்குள் உருண்டிருப்பான். அந்த அடி விழவில்லை. சோலைமலையின் வலது கால் பின்னால் போனது. கம்பு மேலே உயர்ந்தது. முகம் பக்கவாட்டில் திரும்பியது. அங்கே பனியைத் தவிர யாரும் இல்லை.

இராமையாவின் கத்தி அவன் முழங்கையைக் கிழித்தது, கம்பு கீழே விழுந்தது. அவன் விலகிய இடைவெளி வழியாக இராமையா நேரே காளியாயி மேல் பாய்ந்தான். அவள் யோசிக்கவில்லை. கூடையைத் தாங்கிய நெற்றிக் கயிற்றை உருவி, கூடையை ஈரக் கொழுந்தோடு அவன் தலையில் கவிழ்த்து, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். கண் தெரியாமல் அவன் கானுக்குள் விழுந்தான். அவள் போட்ட கூச்சலில் மேல்மலைப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவளுடைய கூடைக் கயிற்றாலேயே அவனைக் கட்டினார்கள். தலவாக்கலைக்குப் பொலிசைக் கூப்பிட ஆள் போனது.

இரண்டே நாளில் லயத்தில் கதை மாறிவிட்டது. சோலைமலை அடித்த அடியில் இராமையா பறந்துபோய்க் கானில் விழுந்தானாம். சோலைமலை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காளியாயிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவளை அரித்தது வேறு. அவன் கையில் கட்டுப் போடும்போது கேட்டேவிட்டாள்.

"ஏங்க பின்னால போனீங்க?"

"கால் தானா போச்சு, புள்ள."

"தானாவா?"

"தானாத்தான்."

அவள் நம்பவில்லை. கத்தியைக் கண்டு பயந்துதான் என்னை விட்டு விலகினானோ? வாய் கூசாமல் "தானா" என்கிறானோ? அந்த ஒரு கேள்வி அவள் சோற்றிலும் தூக்கத்திலும் வந்து உட்கார்ந்தது. அவனை வெறுக்கவும் முடியவில்லை, அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. பாவம், ஆறின தழும்பைத் தடவிக்கொண்டு அவனும் குன்றிப்போய்க் கிடந்தான்.

அடுத்த திருவிழா வந்தது. "நான் ஆடல," என்றான் சோலைமலை.

"ஆடுங்க. நான் பாக்கணும்."

எதிரே வந்தவன் அக்கரப்பத்தனைப் பையன். பதினெட்டு வயதுகூட இருக்காது. சோலைமலையைப் பார்த்ததுமே அவன் களத்தின் ஓரத்துக்கு ஒதுங்கினான். அந்தப் பையனைக் கண்டு பயப்பட ஒரு கோழிக்குஞ்சுகூட அந்தக் களத்தில் இல்லை. காளியாயி முன்வரிசையில் போய்க் குந்தினாள்.

பையன் மேல் முதல் பொட்டு விழுந்தது. சோலைமலையின் வலது கால் ஓரடி பின்னால் போனது. கம்பு உயர்ந்தது, முகம் மாஸ்டர் பக்கம் திரும்பியது. இரண்டாவது பொட்டு. கால் பின்னால் போனது. மூன்றாவதற்கு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படியும் கால் கேட்கவில்லை, அதுபாட்டுக்குப் போய்விட்டது.

காளியாயிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் இருந்த ராசம்மா பதறினாள்.

"என்னாக்கா, ஜெயிக்கறப்ப அழுவுற?"

"அந்த மனுசன் பொய் சொல்லலடி," என்றாள் காளியாயி. ராசம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது குறுக்குப் பாதையின் முனையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் புதுக் கப்பும் மறு கையில் கம்புமாக சோலைமலை வழக்கம்போல முன்னால் போனான். காளியாயி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் அப்படி ஓர் ஆசை பொங்கியது.

"கப்ப நீங்க தூக்கிட்டுப் பின்னால வாங்க," என்றாள். "கம்ப எங்கிட்ட குடுங்க."

அவன் கம்பைக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தான்.